அண்ணைக்கு வைத்த பங்கு

இந்த நாட்டில் என் வீட்டுக் குசினிக்குள் நான் நாலு துண்டு மீன் பொரித்தால், கூரையில் ஒட்டியிருக்கும் வெள்ளை வட்டம் புகையைக் கண்டு அலறத் தொடங்கிவிடும். கதிரையில் ஏறி நின்று துவாயால் அதற்கு விசிற வேண்டும். ஒருமுறை அது நிற்காமல் அலறி, பதினான்கு மாடிக் கட்டடத்துச் சனம் முழுவதும் படியிறங்கி வாசலுக்கு வந்துவிட்டது. பனிக்காலம். பக்கத்து வீட்டுக் கிழவர் காலுறை இல்லாமல் நின்றபடி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அடுத்த கிழமை நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. ஆனால் கனடாவில் நான் இருக்கும் இதே ஸ்காபரோவில், பத்து நிமிட பஸ் ஓட்டத்தில், ஒரு கடை இருக்கிறது. அங்கே மேசைக்கு நடுவில் ஓட்டை போட்டு, ஓட்டைக்குள் நெருப்பை வைத்து, பச்சை இறைச்சியைக் கொண்டுவந்து தந்து, நீங்களே சுட்டுச் சாப்பிடுங்கள் என்கிறார்கள். வீட்டில் செய்தால் குற்றம், கடையில் செய்தால் கொண்டாட்டம். இருபத்தாறு வருடமாகியும் இந்த ஊரின் நியாயம் எனக்குப் பிடிபடவில்லை.

அந்தக் கடைக்கு நான் முதன்முதலில் போனது என் அண்ணையின் எட்டுக்கு, செத்த எட்டாம் நாள் படையலுக்கு. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். சுளியுங்கள். நான் உங்களிடம் நல்ல பெயர் வாங்க இதை எழுதவில்லை. என்னைப் போல இங்கே கிடப்பவர்கள் சிலர் இதை வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் பக்கத்தைப் புரட்டுவார்கள். அவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

அண்ணை நெடுந்தீவில் தனியாக இருந்தவர். கல்யாணம் கட்டவில்லை. எங்கள் அம்மாவும் அப்பாவும் ஒரே வருடத்தில் போனபோது அவருக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதின்மூன்று, தம்பி குகனுக்கு ஆறு. அதன் பிறகு எங்களுக்குச் சமைத்துப் போட்டு வளர்த்தது அவர். மாடு வளர்த்தார், காலம் வாய்த்தால் கடலுக்கும் போனார். முதலில் குகனை ஏஜென்சிக்காரன் மூலம் கனடாவுக்கு அனுப்பியதும், பிறகு என்னைக் கல்யாணம் முடித்து இங்கே அனுப்பியதும் அவர்தான். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் நெஞ்சு நோகிறது என்றிருக்கிறார். படகில் ஏற்றி, குறிகட்டுவானில் இறக்கி, யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்று இரவே முடிந்துவிட்டது. எனக்கு இங்கே அப்போது மத்தியானம். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். செய்தி கேட்ட பிறகும் மிச்ச விரிப்புகளை மடித்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

போயிருக்கலாம். கடவுச்சீட்டு இருந்தது, லீவும் தந்திருப்பார்கள். குகன்தான் சொன்னான், "அக்கா, நாங்கள் போய் இறங்கேக்க சாம்பல்தான் இருக்கும். முகம் பாக்க ஏலாது. பிறகு ஆறுதலாப் போவம்." அவன் சொன்னது உண்மை. எனக்கு வசதியான உண்மையும்கூட. அதையே பிடித்துக்கொண்டேன். அடுத்த நாளே எடுத்துவிட்டார்கள். வேலணையில் இருக்கும் எங்கள் சின்னம்மாவின் மகன் வந்து கொள்ளி வைத்தான். நாங்கள் இருவரும் குகனின் வீட்டு சோபாவில் இருந்து கைத்தொலைபேசியில் பார்த்தோம். அங்கே போனைப் பிடித்திருந்தவரின் பெருவிரல் படத்தின் ஒரு மூலையை மறைத்துக்கொண்டிருந்தது. அந்த மூலையில்தான் அண்ணையின் முகம். விரலை எடுக்கச் சொல்லிக் கத்தினேன். காற்றுச் சத்தத்தில் அந்த மனுசனுக்குக் கேட்கவில்லை. எல்லாம் முடிந்தபின் சின்னம்மாவின் மகன் சொன்னான், "எட்டை நீங்கள் பாருங்கோ அக்கா. இன்னொருக்கா வள்ளம் ஏறி வந்து போக எனக்கு ஏலாது. உரித்துக்காரர் நீங்கள்தானே." அண்ணையின் வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வளவில் கொடுத்துவிட்டு அவன் அடுத்த வள்ளத்தில் போய்விட்டான்.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் ஒருவர் செத்து எட்டாம் நாள், அவர் ஆசையாகச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து இலையில் படைப்போம். மீன், இறைச்சி என்று மச்சமெல்லாம் வைப்போம், குடிக்கிறவர் என்றால் அதுவும் வைப்போம். அதுவரை வீட்டில் ஒருவரும் மச்சம் தொடுவதில்லை. படைத்த இலையை வீட்டுக்காரர் சாப்பிடக் கூடாது. அது போனவருடைய பங்கு. இலையோடு சுருட்டி எடுத்துக்கொண்டுபோய் ஒரு சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். காகமோ நாயோ, வருவது சாப்பிடட்டும். பிறகுதான் மற்றவர்களுக்குப் பந்தி. இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்காதீர்கள். செத்தவீட்டுக்குப் போகாதவளுக்கு இந்த ஒரு இலைதான் மிச்சம் இருந்தது. அதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று ஏழு நாளும் அதே நினைப்பாக இருந்தேன்.

எங்கே வைத்துச் செய்வது என்பதில்தான் சிக்கல். என் வீட்டில் நிர்வாகத்தின் கடிதம் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியபடி இருக்கிறது. குகனின் வீட்டில் செய்யலாம் என்றால், அவன் அதை விற்பதற்குப் போட்டிருந்தான். சனிக்கிழமை பின்னேரம் வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்களாம். அவன் மனைவி நல்ல பிள்ளைதான். என்னிடம் மரியாதையாகத்தான் சொன்னாள். "மணம் கம்பளத்தில ஊறினால் போகாது மச்சாள். பாக்க வாற ஆக்கள் வாசல்லயே திரும்பிப் போயிடுவினம்." அவள் ஏற்கெனவே ஒவ்வோர் அறையிலும் வனிலா மணக்கும் மெழுகுதிரி ஏற்றி வைத்திருந்தாள். விற்கப்போகும் வீட்டில் செத்தவருக்கு என்ன உரிமை.

அப்போது குகன் சொன்னான், "அக்கா, ஒரு இடம் இருக்கு. ஆட்டிறைச்சி, கோழி, றால், கணவாய் எல்லாம் பச்சையா வரும். நாங்களே சுடலாம். நாங்களே சமைச்ச மாதிரித்தானே. புகையும் இல்லை, மணமும் இல்லை."

"கடையில வைச்சு எட்டுச் செய்யிறதோ?"

"வேற வழி இருந்தாச் சொல்லுங்கோ."

சரி என்றேன். எட்டாம் நாள் எது என்பதிலும் இழுபறி இருந்தது. அண்ணை செத்தது அங்கத்தைய நேரம், நாங்கள் படைப்பது இங்கத்தைய நேரம். கடைசியில் சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணி என்று முடிவாயிற்று. அப்போது நெடுந்தீவில் இரவு ஒன்பதரை. எட்டாம் நாள் முடிய அங்கே இன்னும் இரண்டரை மணித்தியாலம் இருக்கும். அதற்குள் இலையைச் சந்தியில் சேர்த்துவிட வேண்டும். எங்கள் கட்டடத்துக்கு அருகே சிக்னல் சந்தியில் ஒரு மேப்பிள் மரம் நிற்கிறது. முதல் நாளே போய் அதன் அடியைப் பார்த்துவைத்துக்கொண்டேன். குப்பை போட்டால் தண்டனை என்று பலகை இருந்தது. இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இன்னொரு வெட்கக்கேட்டையும் சொல்ல வேண்டும். அண்ணைக்கு என்ன விருப்பம் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. குகன் ஆட்டிறைச்சி என்றான். நான் பாரைமீன் என்றேன். இரண்டு பேரும் எங்கள் விருப்பத்தைத்தான் சொல்லியிருக்கிறோம் என்பது பிறகுதான் விளங்கியது. கடைசியில் பக்கத்து வளவு திரேசக்காவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். திரேசக்கா வேதக்காரர், கத்தோலிக்கம். அண்ணையைவிட இரண்டு வயது மூத்தவர். கடைசி வருடங்களில் அண்ணைக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுத்தது அவர்தான்.

"கணவாய், பிள்ளை. வேறென்ன. கணவாய் எண்டால் கொண்ணைக்கு உயிர். நல்ல உறைப்பாக் காய்ச்ச வேணும்."

"எங்களுக்குத் தெரியாதக்கா."

"உங்களுக்கு என்னெண்டு தெரியும், நீங்கள் எப்பவோ போட்டியள்," என்றார். குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். "அப்ப எட்டு அங்கையோ?"

"ஓம் அக்கா, நாங்கள் செய்யிறம்."

"நல்லது. உரித்துக்காரர் செய்யிறதுதான் முறை."

போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். கணவாய் எங்கள் வீட்டில் காய்ச்சாத சாமானில்லை. மாதத்தில் இரண்டு மூன்று தரம் அண்ணை கொண்டுவருவார். மை எடுத்துக் கழுவி, வெட்டி, அவரே காய்ச்சுவார். எனக்கும் குகனுக்கும் கோப்பையில் போட்டுத் தந்துவிட்டு, நாங்கள் சாப்பிட்டு எழும்பும்வரை வாசலில் நின்று சுருட்டுப் புகைப்பார். பிறகு வந்து கறிச்சட்டிக்குள் சோற்றைக் கொட்டிப் பிரட்டிச் சாப்பிடுவார். "சட்டிச் சோற்றுக்குத்தான் ருசி" என்பார். நாங்களும் அதை அப்படியே நம்பினோம். சட்டியில் குழம்பு ஒட்டியிருந்திருக்கும், கணவாய் இருந்திராது. அது முழுவதும் எங்கள் கோப்பைகளில் இருந்தது. பதினொரு வருடத்துக்கு முன் நான் ஒரு தரம் ஊருக்குப் போனபோதும் அப்படித்தான். நான் நாற்பது கடந்த பெண், எனக்குப் போட்டுத் தந்துவிட்டு வாசலுக்குப் போனார். "நீ சாப்பிடு, நான் பிறகு சாப்பிடுறன்" என்றார். நான் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கடை வாசலில் நின்றோம். சீனத்துப் பிள்ளை ஒன்று, இருபது வயதிருக்கும், எத்தனை பேர் என்று கேட்டது. குகன் இரண்டு விரலைக் காட்டினான். நான் மூன்று விரலைக் காட்டினேன். அந்தப் பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் விரலை எடுத்துக்கொண்டது. நாலு பேர் இருக்கும் மேசை, மூன்று தட்டு, மூன்று சோடிக் குச்சி. மேசைக்கு மேலே யானைத் தும்பிக்கை போல ஒரு குழாய் தொங்கியது. புகை எழும்ப எழும்ப அது உறிஞ்சிவிடும் என்று குகன் விளக்கினான். அவன் இந்தக் கடைக்குப் பத்துத் தரமாவது வந்திருப்பான். சுற்றிவர எல்லா மேசையிலும் பிறந்தநாள், பட்டமளிப்பு, காதல். ஒரு மூலையில் கைதட்டிப் பாடினார்கள்.

தமிழ்க் கடையில் வாங்கிய வாழையிலையைக் கைப்பையிலிருந்து எடுத்து விரித்தேன். ஐஸில் கிடந்து உருகிய இலை, கறுத்துப்போயிருந்தது. தெற்குப் பக்கம் பார்த்துப் படைக்க வேண்டும். தெற்கு எது என்று கேட்டேன். குகன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினான். கையின் நேரே கழிவறைக் கதவு இருந்தது. அதில் ஆணும் பெண்ணும் படமாக நின்றார்கள். சரி, இலையை அப்படியே வைத்தேன்.

சாமான்களைக் குகன் மேசையில் இருந்த பலகைத் திரையில் தட்டித் தட்டிக் கேட்டான். வந்தவை எல்லாமே கடதாசி போல மெல்லியதாகச் சீவி, சுருட்டி அடுக்கியிருந்தன. இனிப்புச் சாறு ஊற்றிய கோழி, ஆட்டிறைச்சி, ஓட்டோடு றால், வெள்ளை வளையமாக வெட்டிய கணவாய். இடையில் மாட்டிறைச்சியும் வந்தது. அதை அவன் தனக்குக் கேட்டிருந்தான். "மாட்டிறைச்சி பட்ட இடத்தில அண்ணையின்ர கணவாயை வைக்காத" என்றேன். "இரும்புத்தானே அக்கா, நெருப்பில எல்லாம் சரியாயிடும்" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தகட்டை மாற்றச் சொல்லிக் கேட்டான். அவன் மறந்திருக்க மாட்டான். அவனை அனுப்புவதற்காக அண்ணை பதினொரு மாடுகளை ஒரே நாளில் விற்றார். ஏற்றிக்கொண்டு போக வந்த வள்ளக்காரர்கள் கயிற்றைப் பிடித்து இழுக்க, இரண்டு மாடு இறங்குதுறையில் படுத்துவிட்டன. அண்ணைதான் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏற்றினார். குகனுக்கு அப்போது பத்தொன்பது. இதை எல்லாம் அவன் என் அருகில் நின்று பார்த்தவன்.

கணவாயை நானே சுட்டேன். வளையங்கள் நெருப்பில் சுருங்கிச் சின்ன மோதிரமாகிவிட்டன. உறைப்பில்லை என்று கைப்பையிலிருந்து கொஞ்சம் கறித்தூளை எடுத்துத் தூவினேன். இலையில் சோறு, ஆட்டிறைச்சி, கோழி, றால், நடுவில் கணவாய். ஊதுபத்தி கொளுத்த ஏலாது. குகன் ஒரு பியரைக் கேட்டு வாங்கி, மூன்றாவது தட்டின் அருகில் வைத்தான். இருவரும் கண்ணை மூடினோம். மூலை மேசையில் மறுபடியும் கைதட்டினார்கள். அண்ணையிடம் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. வாங்கோ, சாப்பிடுங்கோ என்று மட்டும் மனதுக்குள் சொன்னேன். இருபத்தாறு வருடத்தில் அவரைப் பார்த்து நான் வாங்கோ என்று சொன்னதேயில்லை. வாங்கோ என்று சொல்வதற்கு வேண்டிய விசாக் கடதாசிகளை நிரப்பி அனுப்புகிறேன் என்று மட்டும் பல தரம் சொல்லியிருக்கிறேன்.

கண்ணைத் திறந்தபோது அந்தப் பிள்ளை நின்றது. உங்கள் மூன்றாவது ஆள் வருகிறாரா என்று கேட்டது. குகன் யோசிக்காமல் "ஓன் த வே" என்றான். அது சிரித்து, திரையில் எதையோ தட்டிவிட்டுப் போனது. பியரின் நுரை மெல்ல அடங்கியது. பத்து நிமிடம் பொறுத்திருந்த குகன், "சூடாப் போனா வீணாப் போயிடும் அக்கா" என்று சொல்லி அதை எடுத்துக் குடித்தான். குடி பெரிய விஷயமில்லை, அண்ணையும் வாரத்தில் ஒருநாள்தான் கள்ளுக் குடிப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

பிறகு இலையைச் சுருட்டத் தொடங்கினேன். நான் கொண்டுவந்திருந்த பைக்குள் அதை வைக்கும்போது, கறுப்புச் சேர்ட் போட்ட மனிதர் ஒருவர் மேசைக்கு அருகில் வந்துவிட்டார். மேற்பார்வையாளர் போலும். மிகவும் மரியாதையாக, மேசையில் ஒட்டியிருந்த அட்டையைத் தொட்டுக் காட்டினார். அதுவரை நான் அதை வாசிக்கவில்லை. எவ்வளவு சாப்பிட்டாலும் ஒரே விலை, ஆனால் இரண்டு மணித்தியாலம்தான் இருக்கலாம். எதையும் வெளியே கொண்டுபோக முடியாது. மிச்சம் விட்டால் தராசில் நிறுத்து அதற்கும் பணம் எடுப்பார்கள்.

"நீ இதை முதலே சொல்லேல்லை" என்றேன் குகனிடம்.

"உங்களுக்கு இலையிலதானே கவனம் எண்டு நினைச்சன்."

"இலையைக் கொண்டுபோறதுக்குத்தானேடா வந்தனாங்கள்."

"அக்கா, சத்தம் போடாதேங்கோ. எல்லாரும் பாக்கினம்."

மிச்சமாக விட்டுப் பணம் கொடுக்கலாம். ஆனால் விட்டால் அது குப்பை வாளிக்குப் போகும். சந்தியில் வைப்பதும் குப்பை வாளியில் கொட்டுவதும் ஒன்றில்லை என்று அந்தக் கறுப்புச் சேர்ட்டுக்காரருக்கு எப்படி விளக்குவது. என்னிடம் இருக்கும் ஆங்கிலம் சலவை அறைக்குப் போதுமானது. கறை, வெந்நீர், அளவு, மேல்மாடி, கீழ்மாடி. இருந்தும் முயன்றேன். "மை பிரதர். டெட். எயிட் டேய்ஸ். திஸ், ஹிம்" என்று இலையைத் தொட்டுக் காட்டினேன். கறுப்புச் சேர்ட்டுக்காரர் கண்ணைத் தாழ்த்தி, மிகவும் வருந்துவதாகச் சொன்னார். பிறகு, கடையின் விதியைத் தன்னால் மாற்ற முடியாது என்றும் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்ற அந்தச் சீனத்துப் பிள்ளையின் முகம் மாறிவிட்டது. என் தோளில் கையை வைத்தது. தன் அப்பா செத்தபோது தாங்களும் இப்படித்தான் வைத்தார்கள், கோழியும் தோடம்பழமும் வைத்தார்கள் என்று மெதுவாகச் சொன்னது. அதன் பிறகு எல்லோரும் இருந்து அதைச் சாப்பிடுவார்களாம். அப்பா சாப்பிட்ட மிச்சத்தைச் சாப்பிடுவது பிள்ளைகளுக்கு நல்லதாம். "யூ ஈட்" என்றது. "ஹி வில் பி ஹாப்பி."

அந்தக் கடையில் எங்களை விளங்கிக்கொண்ட ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். அதன் முறை சரிதான், அவர்களுக்கு. எங்களுக்கு அதைவிடப் பிழையான காரியம் வேறில்லை. எங்கள் முறை அப்படியில்லை என்று சொல்ல எனக்குச் சொல் கிடைக்கவில்லை. அதன் கையைத் தட்டிவிடவும் மனம் வரவில்லை. தலையை ஆட்டினேன். அது கண்ணைத் துடைத்துக்கொண்டு போனது.

குகன் உடனே பிடித்துக்கொண்டான். "பாத்தீங்களோ, சாப்பிடலாமாம்."

"அது அவையின்ர முறை."

"முறைதானே அக்கா. எல்லாம் மனுசர் செய்ததுதானே." அவன் குச்சியால் ஆட்டிறைச்சியை எடுத்தான்.

"குகன், அது அண்ணையின்ர பங்கு."

அவன் நிறுத்தினான். ஒரு கணம்தான். "அண்ணையின்ர பங்கைச் சாப்பிடாம நாங்கள் என்னத்தைச் சாப்பிட்டனாங்கள்?" என்றான். பிறகு சாப்பிட்டான். ஆட்டிறைச்சியை முடித்து, கோழியைத் தொட்டு, றாலின் ஓட்டைக் கையால் உரித்தான். அவன் கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஒழுகியது. புகை என்றான். புகை முழுவதையும் மேலே அந்தக் குழாய் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

எனக்கு அவன்மீது வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. மேசையோடு சேர்த்து அவனைப் புரட்டிவிட வேண்டும் போலிருந்தது. எட்டு நாளாக மரக்கறியும் சோறும் சாப்பிட்டு, ஒவ்வொரு நாளும் விளக்கேற்றி, இந்த ஒரு இலைக்காகக் காத்திருந்தேன். அதை அவன் என் கண்ணுக்கு முன்னால் தின்கிறான். இலையில் கணவாய் மட்டும் மிஞ்சியது. அவன் அதைத் தொடவில்லை. என் பக்கம் தள்ளி வைத்தான். திரையில் பதினைந்து நிமிடம் என்று சிவப்பாக வந்தது. கறுப்புச் சேர்ட்டுக்காரர் தூரத்தில் நின்று எங்களைப் பார்க்காதது போலப் பார்த்தார். குப்பை வாளிக்குப் போவதைவிட என்று நினைத்துக்கொண்டுதான் முதல் வளையத்தை எடுத்தேன். இது உண்மை. இரண்டாவதை எடுத்ததற்கு அந்தக் காரணம் இல்லை. பசித்தது. எட்டு நாளுக்குப் பிறகு நாக்கில் மச்சம் பட்டது. கறித்தூளும் நெருப்பும் சேர்ந்து, சொல்லவே வாய் கூசுகிறது, நல்ல ருசியாக இருந்தது. எல்லாவற்றையும் சாப்பிட்டேன். இலையில் ஒட்டியிருந்த சோற்றைச் சேர்த்துப் பிரட்டியும் சாப்பிட்டேன்.

அந்தப் பிள்ளை வெறும் இலையைப் பார்த்து மகிழ்ந்துபோயிற்று. குட், குட் என்று சொல்லி அதைச் சுருட்டி எடுத்துச் சென்றது. வெளியே வந்தபோது குகன் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். வேண்டாம் என்று பஸ்ஸில் போனேன். எங்கள் சந்தியில் இறங்கி, மேப்பிள் மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். வைப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லை. சிக்னல் மாறி மாறி எரிந்தது. பெண் ஒருத்தி நாயுடன் வந்து, நான் வழி தவறிவிட்டேனா என்று கேட்டாள். இல்லை, இங்கேதான் இருக்கிறேன் என்றேன்.

அன்று பின்னேரம் எட்டு மணிக்குத் திரேசக்காவுக்கு எடுத்தேன். இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. அங்கே ஞாயிற்றுக்கிழமை விடிந்துகொண்டிருந்தது, ஒன்பதாம் நாள். அவர் பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் எடுத்தேன். வேறு யாரிடம் சொல்வது. அண்ணையின் வீட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே ஆள் அவர்.

"வடிவாச் செய்தனீங்களோ பிள்ளை?"

"அக்கா..." என்று தொடங்கினேன். அவர் தன் பாட்டில் பேசிக்கொண்டே போனார்.

"நேற்றுப் பொழுதுபடேக்க எனக்கும் மனம் கேக்கேல்லை. மகன் கணவாய் கொண்டந்தவன். கொண்ணைக்குக் காய்ச்சிற மாதிரி நல்ல உறைப்பாக் காய்ச்சினனான். ஒரு கோப்பையில போட்டுக் கொண்டுபோய் உங்கட படலையடி வரைக்கும் போனனான் பிள்ளை. பிறகு நிண்டு யோசிச்சுப் பாத்தன். கூடப்பிறந்ததுகள் அங்க இலை போட்டுக் கூப்பிடுதுகள். நானும் இஞ்ச வைச்சா, அந்த மனுசன் எந்தப் பக்கம் போறது? அவ்வளவு தூரம் போற நேரத்தில இடையில மறிச்ச மாதிரிப் போயிடும். அதால திருப்பிக் கொண்டந்து, நானும் மகனும் சாப்பிட்டிட்டம்."

அங்கே பூசைக்கு மணி அடித்தது.

"கேக்குதோ பிள்ளை? பிழை ஒண்டும் இல்லைத்தானே? அங்க வந்து சாப்பிட்டிருப்பார்தானே?"

"ஓம் அக்கா," என்றேன். "வந்தவர். நல்லாச் சாப்பிட்டவர்."